பால் எந்தப் பக்கம் பொங்கியது?

1

கொல்கத்தாவில் தோகையோடு கரும்பு வாங்குவது எப்படி என்று யாராவது கேட்டால் வகுப்பே எடுக்கத் தயாராக இருக்கிறேன். இங்கே கரும்பு என்றால் ஜூஸ் வண்டிதான். பொங்கலுக்கு முன்னால் அந்த வண்டிக்காரர் எதிரில் போய் நின்று, "முழுக் கரும்பு வேணும், தோகையை வெட்டாதே, தோலைச் சீவாதே, மிஷினுக்குள்ளே விடாதே" என்று எனக்குத் தெரிந்த வங்காளத்தில் சொல்வேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மாஷிமா, வீட்டில யானை வளர்க்கிறீங்களா?" என்பார். மாஷிமா என்றால் சித்தி. இந்த ஊரில் ஐம்பதைத் தொட்ட எல்லாப் பெண்களும் எல்லாருக்கும் சித்திதான்.

"பூஜைக்குப்பா."

"சரஸ்வதி பூஜைக்கு இன்னும் நாள் இருக்கே?"

"இது எங்க பூஜை. சூரியனுக்கு."

"சூரியன் கரும்பு தின்னுமா?" என்று கேட்டுக்கொண்டேதான் எடுத்துக் கொடுப்பார். வருஷா வருஷம் இதே கேள்விதான், இதே பதில்தான். இப்போது யோசித்தால் அந்த ஆளுக்கு எல்லாம் தெரியும், என்னைச் சீண்டிப் பார்க்கிறார் என்றுதான் தோன்றுகிறது.

கரும்பைத் தூக்கிக்கொண்டு லேக் மார்க்கெட் போனேன். அங்கே நம் ஊர் அண்ணாச்சி ஒருவர் மளிகைக்கடை வைத்திருக்கிறார். தை பிறக்கப் போகிறது என்றால் மஞ்சள் குலை, சிறுகிழங்கு, பனங்கிழங்கு எல்லாம் ரயிலேறி அவர் கடைக்கு வந்துவிடும். பனங்கிழங்கை இங்கே என்னைப்போல நாலைந்து திருநெல்வேலிக்காரர்களைத் தவிர யாரும் சீண்ட மாட்டார்கள். கடைப் பையன்களே அதை விறகு என்று நினைத்துத் தள்ளி வைத்திருந்தார்கள்.

"என்னக்கா, ஊருக்கே போறியளாமே?" என்றார் அண்ணாச்சி.

"ஆமா அண்ணாச்சி. தை பொறந்ததும் கிளம்ப வேண்டியதுதான்."

"நல்லது, நல்லது. நம்ம ஊரு நம்ம ஊருதான்." கிழங்கைக் கட்டிக்கொண்டே சொன்னார். "அப்போ அடுத்த வருசம் பனங்கிழங்கு எடுக்கவா வேண்டாமா?"

நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஷேர் ஆட்டோவில் வரும்போது என் மஞ்சள் இலை பக்கத்தில் இருந்தவர் மூக்கில் உரச, அவர் தும்ம, நான் மன்னிப்புக் கேட்க, அந்த அமளிக்கு நடுவில்தான் அண்ணாச்சி கேட்டது மண்டையில் ஏறியது. சுருக்கென்றது.

2

விஷயம் இதுதான். என் வீட்டுக்காரர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டார். பாளையங்கோட்டையில் பூர்வீக வீட்டின் மாடி காலியாக இருக்கிறது. கீழே என் மைனி, அதாவது இவருடைய அக்கா, இருக்கிறார். எங்கள் லேக் கார்டன்ஸ் ஃபிளாட்டை விற்றுவிட்டு ஊரோடு போய்விடுவது என்று முடிவாகிவிட்டது. வாங்க வருகிறவர் பொங்கலன்று காலை பத்து மணிக்கு வந்து பேச்சை முடிப்பதாக ஏற்பாடு.

"பால் பொங்குன கையோட பேசி முடிச்சிருவோம்" என்றார் இவர். "நல்ல சகுனம்."

இந்த முடிவு யாருடையது என்று கேட்டால், என்னுடையதுதான் என்று எல்லாரும் சொல்வார்கள். வந்த நாள் முதல் இந்த ஊரைத் திட்டிக்கொண்டிருந்தவள் நான்தானே! மே மாதப் புழுக்கத்துக்குத் திட்டுவேன். மழையில் தெரு முழுக்கத் தண்ணீர் நின்றால் திட்டுவேன். பந்த் என்றால் திட்டுவேன். மீன் வாசனைக்குத் திட்டிக்கொண்டிருந்தேன், பிறகு மீன் விலைக்குத் திட்ட ஆரம்பித்தேன். "ஊருக்குப் போயிருவோம்" என்பது எங்கள் வீட்டில் குக்கர் விசில் மாதிரி, தினம் ஒரு தடவையாவது கேட்கும்.

ஆபீஸ்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என் பெயர் பேச்சியம்மாள். முகவரி மாற்றப் போன ஒரு அலுவலகத்தில், முழுப்பெயர் எது, குடும்பப் பெயர் எது என்று கேட்டார்கள். குடும்பப் பெயர் கிடையாது என்றேன். "குடும்பம் இல்லையா?" என்றார் குமாஸ்தா. கடைசியில் பேச்சி என்பது பெயர், அம்மாள் என்பது குடும்பப் பெயர் என்று பதிவானது. அதிலிருந்து தபால்காரருக்கு என் வீட்டுக்காரர் மிஸ்டர் அம்மாள்.

பொங்கலுக்கும் ஒரு ஆபீஸ் உண்டு, எங்கள் ஃபிளாட் கமிட்டி. முதல் பொங்கலுக்குப் பிறகு சில வருஷம் மொட்டை மாடியில் விறகு அடுப்பில்தான் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வருஷம் பனியும் புகையும் சேர்ந்துகொண்டு, மூன்றாவது மாடிக்காரர் தீப்பிடித்துவிட்டது என்று வாளியோடு ஓடி வந்துவிட்டார். அடுத்த வருஷம் முறைப்படி விண்ணப்பம் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். எந்தத் தெய்வம், எத்தனை நாள், பந்தல் உண்டா, ஒலிபெருக்கி உண்டா என்று காரியதரிசி வரிசையாகக் கேட்டார். "சோறு பொங்கப் போறேன் தாதா, அவ்வளவுதான்" என்றேன். தாதா என்றால் இங்கே அண்ணன். சோறு பொங்குவதற்கு எதற்கு அனுமதி, வீட்டிலேயே பொங்கலாமே என்று அந்தப் பெரிய மனிதர் தீர்ப்பு வழங்கிவிட்டார். அன்றிலிருந்து மறுபடி சமையலறை காஸ் அடுப்பு, கிழக்குப் பார்த்த ஜன்னல், எதிர் இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் தெரிகிற ஒரு சாண் சூரியன்.

மகள் கோமதி இங்கேயே பிறந்து வளர்ந்தவள். இங்கேயே ஒரு கம்பெனியில் வேலை. வங்காளத்தில் யோசித்துத் தமிழில் பேசுவாள். "மா, எனக்குப் பசி கிடைச்சிருச்சு" என்பாள். வங்காளிகளுக்குப் பசியும் தூக்கமும் 'கிடைக்கிற' சாமான்கள். புலம்பெயர்ந்தவர்கள் எல்லாரும் பிள்ளைகள் விலகிப் போகிறார்கள் என்று எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் பிள்ளை இருந்த இடத்திலேயே இருக்கிறது, பெற்றவர்கள்தான் மூட்டை கட்டுகிறோம்.

"நீங்க போங்க. நான் பேயிங் கெஸ்ட்டா இருந்துக்கிறேன்" என்றாள்.

"தனியா எப்படிடி இருப்ப?"

"தனியா எங்க? ஊர் முழுக்க எனக்கு ஆள் இருக்கு. உங்களுக்குத்தான் பாளையங்கோட்டையில யாரையும் தெரியாது."

அடி வாங்கின மாதிரி இருந்தது. எனக்கா தெரியாது என்று மனசுக்குள்ளேயே ஆட்களை எண்ணிப் பார்த்தேன். மைனிக்கு அப்புறம் யாரும் வரவில்லை.

3

எதிர் ஃபிளாட் ஷிப்ராதீ. 'தீ' என்றால் அக்கா. பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவர். கணவர் இல்லை, மகன் கனடாவில். எங்கள் வாசல் கதவைத் திறந்தால் நேரே மேற்கே அவருடைய கதவு. நடுவில் நாலு எட்டு வராந்தா.

நாங்கள் அறிமுகமானதே ஒரு பொங்கலன்றுதான். அப்போது இங்கே வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கோபிந்தபோக் என்று ஒரு பொடி அரிசி இங்கே உண்டு, நம் சீரகச் சம்பா மாதிரி மணக்கும். அதை வாங்கி வந்தேன். வெல்லத்துக்கு நொலேன் குர். ஈச்ச மரத்துப் பதநீரைக் காய்ச்சி எடுப்பது, பனிக்காலத்தில் மட்டும்தான் வரும். கருப்பட்டி நாட்டிலிருந்து வந்த எனக்கு அதன் வாசனை மூக்கில் பட்டதுமே பாதி ஊர் வந்துவிட்டது. தேன் மாதிரி இளகலாக இருந்ததால், கொதிக்கிற பாலிலேயே ஊற்றிவிட்டால் என்ன என்று ஊற்றிவிட்டேன்.

பால் திரிந்துவிட்டது. கண்முன்னால், தை முதல் நாள், பொங்கல் பானையில்! நான் போட்ட கூச்சலில் எதிர்க்கதவு திறந்தது. தலையில் குரங்குக் குல்லா, மேலே சால்வை, கையில் தேங்காய்த் துருவியோடு ஒரு அம்மாள் நேராக என் சமையலறைக்குள் வந்து அடுப்பை அணைத்தார். "முதல்ல அடுப்பை அணை, அப்புறம் அழு" என்றார். நொலேன் குரை அடுப்பை அணைத்து, கொஞ்சம் ஆறவிட்டுத்தான் சேர்க்க வேண்டும் என்று சொல்லித்தந்துவிட்டுத் தன் வீட்டுப் பாலை எடுத்துவந்து கொடுத்தார். அப்புறம் பெயர் கேட்டார். பேச்சி என்றதும் வாயைப் பொத்திக்கொண்டார். இங்கே கிட்டத்தட்ட அந்த உச்சரிப்பில் ஆந்தை என்று அர்த்தமாம். "பரவாயில்ல, ஆந்தை லட்சுமியோட வாகனம். உள்ளே வா" என்று என் வீட்டுக்குள்ளேயே என்னை வரவேற்றார்.

இரண்டாவது பானையும் உருப்படவில்லை. தண்ணீர் கூடி, பொங்கல் கஞ்சியாகப் போய்விட்டது. அது புத்தரிசி, தண்ணீர் குறைவாகத்தான் கேட்கும் என்றார் ஷிப்ராதீ. நான் யோசித்தேன். எங்கள் தாமிரபரணிக் கரையில் பொங்கல் சமயம் பல வயல்களில் நெல் கதிரில்தான் நிற்கும். பிசானப் பருவ அறுவடை மாசி, பங்குனிக்குத்தான். புத்தரிசிப் பொங்கல் என்று வாய்தான் சொல்லுமே தவிர, பானைக்குள் போவது கடையில் வாங்கிய பழைய அரிசி. இங்கே வங்காளத்தில் கார்த்திகை, மார்கழிக்குள் நெல் களத்துக்கு வந்துவிடுகிறது. ஆக, பொங்கலுக்குப் புத்தரிசி போடுவது என்றால் என்ன என்று நான் கொல்கத்தாவுக்கு வந்துதான் கண்டேன். இதை ஊரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. மைனி, "அங்க நெல்லு விளையுமா?" என்று கேட்டார்.

அதே நாளில் ஷிப்ராதீ வீட்டில் பிட்டே நடக்கும். அரிசி மாவில் தேங்காயும் வெல்லமும் வைத்துச் சுருட்டுவது, பாலில் வேகவைப்பது, ஆவியில் வைப்பது என்று பல தினுசு. புலிப் பிட்டே என்று ஒன்று தந்தார்.

"இது கொழுக்கட்டை" என்றேன்.

"கொழுக்கட்டைன்னா என்ன?"

"இதுதான்."

"இது எங்க பரிசால் ஊர்ப் பிட்டே. தேசம் ரெண்டா ஆனப்போ எங்கம்மா வேற எதையும் எடுத்துட்டு வரலை, இதைத்தான் கையில கொண்டுவந்தாங்க."

"கொண்டுவரட்டும் தீ. ஆனா கொழுக்கட்டை."

இந்தச் சண்டை இன்றுவரை தீரவில்லை. இதேபோல அவர்களுடைய நபான்னோ. புத்தரிசியைப் பால், தேங்காய், வாழைப்பழத்தோடு பிசைந்து முதல் பங்கைக் காக்கைக்கு வைக்கிற சடங்கு. நம்மூரிலும் மாட்டுப் பொங்கலன்று காக்கைக்குக் கனுப்பிடி வைப்பவர்கள் உண்டு. நான் அதைச் சொன்னதும், யாரிடமிருந்து யார் படித்தார்கள் என்று கேட்டார் பூகோள டீச்சர். "காக்கா கிட்டயிருந்து ரெண்டு பேரும் படிச்சோம்" என்றேன். அதற்கு மட்டும் சிரித்து ஒத்துக்கொண்டார்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவரை மிஞ்ச முடியாது. குலவை! நம்மைப் போலவே இவர்களும் நாக்கைச் சுழற்றிக் குலவையிடுவார்கள், உலு என்பார்கள். எனக்கு வந்தால் உண்டு, வராவிட்டால் இருமல். ஷிப்ராதீ தொடங்கினால் மூன்று மாடிக்குக் கேட்கும். அந்த முதல் வருஷத்துக்குப் பிறகு, எங்கள் வீட்டில் பால் பொங்கும்போது இவர் தட்டைத் தட்டுவார், கோமதி "பொங்கலோ பொங்கல்" என்று கத்துவாள், குலவை ஷிப்ராதீயுடையது. பண்டிகைக்கு வரவில்லையென்றால் நானே போய் இழுத்து வருவேன்.

4

இன்னொன்று சொல்ல வேண்டும். நமக்குத் தை முதல் நாள் எதுவோ, அதுதான் இவர்களுக்குப் பௌஷ் மாதத்தின் கடைசி நாள். அறுவடை வீட்டுக்கு வருகிற மாதம் என்பதால் பௌஷை லட்சுமியாகவே நினைக்கிறார்கள். அந்த நாளில் அரிசி மாவில் கோலம் போட்டு, பௌஷே, போகாதே, இங்கேயே இரு என்று கெஞ்சுவார்கள். முந்தின நாள் சாயங்காலம் வைக்கோலைத் திரித்து நெற்குதிர், பெட்டி, கதவு எல்லாவற்றிலும் கட்டுவார்கள். கட்டினால் செல்வம் வீட்டைவிட்டுப் போகாதாம். ஃபிளாட்டில் குதிருக்கு எங்கே போவது? ஷிப்ராதீ ஃபிரிட்ஜ் கைப்பிடியில் கட்டுவார், காஸ் சிலிண்டரில் கட்டுவார். வைக்கோல் எங்கே கிடைக்கும் என்கிறீர்களா? மண் குவளை விற்பவரிடம், குவளை உடையாமலிருக்கச் சுற்றி வந்ததைக் கேட்டு வாங்கி வருவார்.

நாம் என்ன செய்கிறோம்? போகிக்குப் பழசைக் கொளுத்திவிட்டு, தை பிறந்தது என்று தட்டைத் தட்டி ஊரைக் கூட்டுகிறோம். எதிரெதிர் இரண்டு வீடு, ஒரே காலை. ஒரு வீட்டில் போகாதே என்கிறார்கள், இன்னொரு வீட்டில் வா வா என்கிறார்கள். இத்தனை வருஷம் இது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

எங்கள் அரிசி டிரம்மில் வருஷா வருஷம் ஒரு வைக்கோல் பிரி கட்டுவது அவர் வழக்கம். இந்த வருஷமும் சாயங்காலம் வந்தார். கூடத்தில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. பித்தளைச் சாமான் ஒன்றில், புத்தகம் ஒன்றில், சுவர்க் கடிகாரம் போர்வைக்குள். பெட்டிகளுக்கு நடுவில் நெளிந்து போய் டிரம்மில் கட்டினார். கையில் இன்னும் நாலைந்து பிரி மீதியிருந்தது.

"நாளைக்கு உலு கொடுக்க வந்திரணும் தீ" என்றேன். "கடைசிப் பொங்கல். நல்லா நடக்கணும்."

"வராம எங்க போவேன்?" என்றார். டீ குடிக்காமலே போய்விட்டார். ஷிப்ராதீ டீ வேண்டாம் என்று நான் பார்த்ததே கிடையாது.

5

பொங்கலன்று நல்ல பனி. ஒரு சாண் சூரியனும் பஞ்சுக்குள் வைத்த மாதிரிதான் இருந்தது. பெட்டிக்குள் போகாமல் தப்பித்த வெண்கலப் பானையில் மஞ்சள் குலை கட்டி, பாலும் தண்ணீரும் ஊற்றி அடுப்பில் ஏற்றினேன். ஜன்னலோரம் கரும்பு. இவர் வேட்டி கட்டி, கையில் எவர்சில்வர் தட்டும் கரண்டியுமாகத் தயார். "மா, இன்னும் தூக்கம் கிடைக்குது" என்று கதவு நிலையில் சாய்ந்து நின்றாள் கோமதி. அடுப்புக்குப் பக்கத்தில், குல்லாவும் சால்வையுமாக ஷிப்ராதீ.

பால் நுரை கட்டியது. ஓரத்தில் முத்து முத்தாக எழும்பி, நடுவில் மெல்ல மேடு தட்டியது. பானைக் கழுத்துக்கு வந்தது. மஞ்சள் இலையைத் தொட்டது. இவர் கரண்டியை ஓங்கினார். கோமதி விழித்துக்கொண்டு "பொங்க" என்று ஆரம்பித்தாள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். ஷிப்ராதீ வாயைத் திறந்தார்.

டக்.

அடுப்பு அணைந்தது. எழும்பிய பால் விளிம்பில் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு அப்படியே கீழே இறங்கிவிட்டது. ஷிப்ராதீயின் கை இன்னும் திருகின்மேல் இருந்தது.

"தீ! என்ன பண்ணிட்டீங்க!" என்று வங்காளத்தில் ஆரம்பித்து, இந்தியில் புகுந்து, திருநெல்வேலித் தமிழில் முடித்தேன். நல்ல நாளும் அதுவுமாக, வீடு கைமாறப் போகிற நேரத்தில், இப்படி ஒரு அபசகுனமா! இத்தனை வருஷம் கூடவே நின்று பார்த்த மனுஷிக்குப் பால் பொங்கி வழியணும் என்று தெரியாதா?

"கை தவறிடுச்சு" என்றார் ஷிப்ராதீ. "பால் வழியறதைப் பார்த்தா கை தானாப் போகும். வழக்கம்."

"மாஷி" என்றாள் கோமதி. "பொய் சொல்லாதே."

ஷிப்ராதீ குல்லாவைக் கழற்றினார். நரைத்த முடி நாலாபக்கமும் நின்றது. அவர் சொன்னதை எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன்.

"ஆமா, வேணும்னுதான் அணைச்சேன். உலு கொடுக்கத்தான் வந்தேன். வாயைத் திறந்தேன், வரலை. என் பிள்ளை கனடா கிளம்பினப்போ வாசல்ல நின்னு சிரிச்சுக்கிட்டே வழியனுப்பினேன். என் வீட்டுக்காரரைக் கொண்டு போனப்போ அழாம நின்னேன். எல்லாருக்கும் போயிட்டு வான்னு சொன்னவதான். ஆனா நீ போறதுக்கு நான் குலவை போடணுமா? எங்க வீட்டுல இன்னைக்கு ஒரு மாசத்தைக்கூடப் போகாதேன்னு கெஞ்சுவோம். உன்னைக் கெஞ்ச எனக்கு வெட்கமா இருந்துச்சு. அதான் அடுப்பை அணைச்சேன்."

சொல்லிவிட்டுத் தரையில் இருந்த ஒரு அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். உள்ளே பித்தளைச் சாமான் கடகடத்தது.

கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இவரைப் பார்த்தேன். தட்டை மேடைமேல் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் கேக்கேன்" என்றேன், சத்தம் தானாக ஏறியது. "உங்களுக்கு இந்த ஊரை விட்டுப் போகணும்னு அப்படி என்ன அவசரம்?"

"எனக்கா?" அவர் திகைத்துப்போனார். "எனக்கு என்னட்டி அவசரம்? காலையில லேக்கைச் சுத்தி நடந்து, நாலு பேரோட டீ குடிச்சு, பேப்பர் படிச்சிக்கிட்டு நான் பாட்டுக்கு இருப்பேன். நீதான போவோம் போவோம்னு கெடந்த? இங்க வந்த நாள்ல இருந்து கேக்காளே, வேலையில இருக்க வரைக்கும் செய்ய முடியல, இப்பவாவது செய்வோம்னு பாத்தேன்."

"நான் சொல்லுவேன்! எல்லா மே மாசமும் சொல்லுவேன்! அதுக்காக நிசமாவே வீட்டை விக்கிறதா?"

"பின்ன எதுக்குட்டி சொன்ன?"

"திட்டறதுக்குச் சொன்னேன்! பாளையங்கோட்டையில போய் நான் யாரைத் திட்ட?"

கோமதி சிரிக்க ஆரம்பித்தாள். அவள் அப்பாவும் வாயைக் கோணிக்கொண்டு அடக்கப் பார்த்தார். ஷிப்ராதீக்குத் தமிழ் புரியாது. ஆனால் அத்தனை வருஷம் எதிர்வீட்டில் இருந்தவருக்கு இந்தச் சண்டையின் சாரம் புரியாதா! "கீ போல்ச்சே? என்ன சொல்றா?" என்று கோமதியின் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

அந்த நேரத்தில்தான் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம்.

நாங்கள் கத்திக்கொண்டிருந்தபோது கோமதி சத்தமில்லாமல் அடுப்பைப் பற்றவைத்திருக்கிறாள். யாரும் பார்க்கவில்லை, யாரும் கும்பிடவில்லை, தட்டைத் தட்டவில்லை. பால் தன்பாட்டுக்கு எழும்பி, மஞ்சள் இலையை நனைத்து, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் பானையின் தோளில் வழிந்து, அடுப்பை அணைத்து, மேடையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

"பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினாள் கோமதி. இவர் கரண்டி கிடைக்காமல் கையாலேயே தட்டைத் தட்டினார். ஷிப்ராதீ பெட்டியிலிருந்து எழுந்த வேகத்தில் குல்லா எங்கேயோ விழுந்தது. தாமதமாக வந்தாலும் வந்தது பாருங்கள் அந்த உலு! நிச்சயம் கமிட்டிக் காரியதரிசிக்குக் கேட்டிருக்கும். ஒலிபெருக்கி உண்டா என்று அன்றைக்கு அவர் கேட்டதில் தப்பில்லை.

6

வாங்க வருகிறவருக்கு இவர் போன் செய்து தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கத்தில் ஒரு பெருமூச்சு. பௌஷ் மாதத்தில் வீட்டுப் பேச்சை முடிக்கக்கூடாது என்று அவருடைய அம்மா நேற்றிலிருந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாராம். இன்றைக்கு வரமுடியாது என்று எப்படிச் சொல்வது என்று அவரும் தவித்துக்கொண்டிருந்தாராம். ஆக, அந்த வீட்டுக்கும் நாங்கள்தான் நல்லது செய்திருக்கிறோம்.

அரிசியைப் போட்டுக் குழைய வேகவிட்டு, அடுப்பை அணைத்து ஆறவிட்டு, நொலேன் குர் ஊற்றினேன். பானையில் பாதிப் பால் மேடையில் போய்விட்டதால் இந்த வருஷம் பொங்கல் கொஞ்சம் கட்டிதான். வாழையிலையில் பொங்கல், சிறுகிழங்குப் பொரியல், பக்கத்தில் ஷிப்ராதீ கொண்டுவந்த கொழுக்கட்டை. பிட்டே என்று அவர் திருத்தினார். கோமதி அட்டைப்பெட்டியைப் பிரித்துக் கடிகாரத்தை எடுத்து மறுபடி சுவரில் மாட்டினாள். மீதி வைக்கோல் பிரிகளை அவளே வாங்கி, அப்பாவின் சூட்கேஸ் கைப்பிடியில் ஒன்றைக் கட்டினாள். அவர் அதைப் பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி பொங்கல் வாங்கிக்கொண்டார்.

பனங்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தபோது மைனி போன் செய்தார். வருஷம் தவறாமல் அந்த நேரத்துக்கு வரும் போன்தான். இந்த வருஷம் கிழங்கைக் கீழே வைத்து, கையைத் துடைத்து, மெதுவாகத்தான் எடுத்தேன். மாடிக்கு வெள்ளையடித்து வைத்துவிட்டு, குழாயை மாற்றிவிட்டு, நாங்கள் வருவதற்காகக் காத்திருக்கிறவர்.

"ஏ பேச்சி, பால் பொங்கிட்டா?"

"பொங்கிட்டு மைனி. அங்க?"

"இங்க கிழக்கயும் வடக்கயும் நல்லா பொங்கிட்டு. நீங்க எப்ப வாறிய?"

ஷிப்ராதீ மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தார், என் நல்ல துண்டால். பால் காய்ந்து ஒட்டிக்கொண்டதற்கு என்னைத் திட்டிக்கொண்டே துடைத்தார்.

"கோடைக்கு வாரோம் மைனி. ரெண்டு மாசம் இருந்துட்டுத் திரும்பிருவோம்." மடமடவென்று சொல்லிவிட்டேன். "வீட்டை விக்கல. நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது."

அந்தப் பக்கம் யாரோ கரும்பு கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"எனக்கு அப்பமே தெரியும்" என்றார் கடைசியில். "நீ போன தடவ வந்தப்பவும் அந்த ஊரு வெல்லத்த மூட்டை கட்டிக்கிட்டு வந்தவதான. சரி, அத விடு. பால் எந்தப் பக்கம்ட்டி பொங்குச்சு?"

மைனி கணக்கில் கிழக்கே பொங்கினால் சுபம், வடக்கே பொங்கினால் வரவு. தெற்கே என்றால் பயணம். மேற்கு என்று யாராவது சொன்னால் 'ம்' என்று இழுத்து நிறுத்திவிடுவார். பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

"மேற்க மைனி."

"ம்..." என்று இழுத்தார். "மேற்க என்னட்டி இருக்கு?"

நான் திரும்பிப் பார்த்தேன். ஷிப்ராதீ துண்டைப் பிழிந்து உதறிவிட்டு, டீக்குப் பால் மிச்சமிருக்கிறதா என்று பால் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆள் இருக்கு மைனி" என்றேன். "மேற்க நமக்கு ஆள் இருக்கு."